மேரி அந்தோணிக்காக ஒரு மன்றாட்டு

அந்தோணிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தபோது, நான் பினாங்கிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறும் நாளும் நெருங்கியிருந்தது. கும்பகோணத்தில் மைத்துனனுக்குக் கல்யாணம். போகாவிட்டால் மனைவி பேசமாட்டாள். அந்தோணியை விட்டுப் போகவும் மனம் வரவில்லை.

எங்கள் பத்திரிகையில் நான் உதவி ஆசிரியன். அந்தோணி பிழைதிருத்தும் பகுதியில் இருப்பவர். கையெழுத்துப் பிரதியை அவர் உரக்கப் படிப்பார். எதிரில் இருப்பவர் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டே வருவார். கமா, முற்றுப்புள்ளி, பத்தி எல்லாவற்றையும் அந்தோணி வாய்விட்டுச் சொல்லுவார். 'பிரதமர் கமா நிதியமைச்சர் கமா அதிகாரிகள் ஆகியோர்' என்று அவர் படிப்பது மாடி வரை கேட்கும். அச்சில் உள்ளதை மாற்ற வேண்டாம், அப்படியே விட்டுவிடு என்பதற்கு ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவது எங்கள் வழக்கம். அந்தோணி அதையும் பாட்டுப் போல இழுத்துச் சொல்லுவார். அவருடைய பிழைப்பே அந்தத் தொண்டைதான். அதில் வளர்ந்த கட்டியை எடுத்தே ஆகவேண்டும், குரல் மிஞ்சுமா என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அந்தோணி கப்பல்துறைக்கு வழியனுப்ப வந்தார். குரல் ஏற்கெனவே காற்றாகிவிட்டது. பக்கத்தில் பாரம் தூக்கும் எந்திரத்தின் சத்தம்.

"காரைக்கால் வழியாத்தானே போறீங்க? அது என் ஊரு. கோயில்ல சொல்லி வேண்டிக்கச் சொல்லுங்க... மேரி அந்தோணிக்கு... அப்படிச் சொன்னாத் தெரியும்."

"சொந்தக்காரர் யாரையாவது பார்க்க வேண்டுமா?"

"தங்கச்சி ஒருத்தி இருக்கா. அவகிட்டப் போகவேணாம். அம்மா சாவுக்கு நான் போய்ச் சேரல. அன்னிலேந்து பேச்சு கெடையாது."

தங்கையின் பெயர் மேரி என்று நான் எடுத்துக்கொண்டேன். பேச்சு இல்லாத தங்கைக்கும் சேர்த்து வேண்டச் சொல்கிறாரே என்று அவர்மேல் மதிப்புக் கூடியது. செய்தியில் வரும் பெயர்களை இரண்டு தடவை சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதவன் நான். அன்று சங்கு ஊதிவிட்டது, சரிபார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் கரையேறினேன். காரைக்கால் பேருந்தில் எள் போட இடமில்லை. ஆனால் மேலே கம்பித் தட்டில் என் பெட்டியைத் தவிர மூட்டை முடிச்சு எதுவும் இல்லை. இத்தனை ஆண்கள் கையை வீசிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று நடத்துனரைக் கேட்டேன்.

"மருந்து சாப்புடத்தான் சார். நம்ம பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் கெடையாது. போறப்போ வரிசையா நிப்பாங்க, வர்றப்போ நாமதான் தூக்கி வைக்கணும்."

திருமலைராயன்பட்டினத்துக்குச் சற்று முன்னால் டயர் வெடித்தது. எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று யாரோ சொன்னதும், ஆண்கள் ஒருவர்கூட டயரைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வேகமாக நடந்தார்கள். வண்டியில் மிஞ்சியது நானும் இரண்டு பெண்களும் ஓர் ஆட்டுக்குட்டியும். பினாங்கில் பேருந்து நின்றுபோனால் பயணிகள் காசைத் திரும்பக் கேட்பார்கள். இங்கே யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அதைவிட அவசரமான காரியம் இருந்தது.

சக்கரம் மாற்றி நகருக்குள் நுழைந்தபோது, சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் கையைக் காட்டினார். அந்தத் தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. தொப்பியின் கீழே இருந்த மீசை நம் ஊர் மீசைதான்.

"லாட்ஜா சார்? மேரி முன்னால எறங்கிக்குங்க. எதிர்ச் சந்துல இருக்கு" என்றார் நடத்துனர்.

இறங்கியதும் மாதா சிலையைத் தேடினேன். நாற்புறமும் பார்த்தேன். பெரிய தூண்கள் வைத்த அரசாங்கக் கட்டடம் ஒன்றும், அதன் படியில் படுத்திருந்த பசுமாடும்தான் கண்ணில் பட்டன. சிலையை எங்கோ மாற்றிவிட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு விடுதிக்கு நடந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சங்கரா மீன் குழம்பு. பினாங்கில் மீன் குழம்புக்குத் தேங்காய்ப்பால் விட்டு விட்டு எனக்கு நாக்கு மழுங்கியிருந்தது. இந்தக் குழம்பின் புளி கண்ணில் நீர் வரவழைத்தது. பரிமாறியவர் அதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் மிக்கேல், மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். பூசைக்கு உதவுவது, மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் ஜெபம் நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. போலகத்துக்காரர்; நாற்பது வயதிருக்கும்; ஒல்லி. பேசும்போதும் கை நிற்கவில்லை.

"பினாங்கிலேந்தா? தோத்திரம் சார். நீங்க நம்ம வேதம்தானே?"

"கிறிஸ்தவன்தான். ஆனால் சீர்திருத்த சபை."

"அந்தப் பக்கமா?" என்று ஒரு கணம் துலக்குவதை நிறுத்தினார். "சரி, அதனால என்னாங்க. சொல்லுங்க."

உங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு அங்கே அறுவைச் சிகிச்சை, அவருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்றேன்.

"நாளைக்கு மொதப் பூசையில மன்றாட்டு வரும். நீங்களே ஏறிச் சொல்லிடுங்க. நான் சொன்னா நாலோட அஞ்சாப் போயிடும். கடல் தாண்டி வந்தவரு சொன்னா ஜனம் காது குடுக்கும்."

"நான் எப்படி..."

"அட, பிரசங்கமா பண்ணப்போறீங்க? பேரத்தானே சொல்லப்போறீங்க. இருங்க, சாவு வீடு ஒண்ணு இருக்கு, நான் போகணும்" என்று சைக்கிளை எடுத்தார். என்ன பெயர் என்று அவரும் கேட்கவில்லை.

எங்கள் சபையில் ஜெபம் என்றால் பேசத் தெரிந்தவர் எழுந்து நின்று நீளமாகப் பேசுவார். அழகாகப் பேசியவரைப் பற்றி வீட்டுக்குப் போகும் வழியில் பாராட்டிக்கொண்டு போவோம். யாருக்காகப் பேசினார் என்பது பலநேரம் மறந்துவிடும். பெயரை மட்டும் சொன்னால் போதும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது, வசதியாகவும் இருந்தது.

ஞாயிறன்று கோயில் நிரம்பியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முதல் வரிசையில் வெள்ளைக் கால்சட்டையுடன் ஒரு முதியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவர்களைச் 'சொல்தா' என்கிறார்கள். உபதேசியார் கண்ணைக் காட்டியதும் வாசக மேடையில் ஏறினேன். பிறகு அவரைக் காணவில்லை. பங்குச் சாமியாரின் அடுத்த பூசைக்கு ஏற்பாடு செய்ய நெடுங்காட்டுக்குக் கிளம்பிவிட்டார் என்று பின்னால் தெரிந்தது.

"பினாங்கிலிருந்து வருகிறேன். நோயுற்றிருக்கும் இவ்வூர் மேரிக்காகவும் அந்தோணிக்காகவும் மன்றாடுவோம்" என்றேன்.

அத்தனை பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். அச்சகத்தில் எத்தனையோ பெயர்களை நான் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். அவற்றுக்கு இப்படி ஒரு பதில் வந்து கேட்டதில்லை.

பூசை முடிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள்.

"எந்த அந்தோணி சார்? ஊருக்குள்ள இருபது அந்தோணி இருக்கானே. ரொட்டிக்கடை அந்தோணியா?"

"பினாங்குக்குப் போனவர். இங்கே ஒரு தங்கை இருக்கிறார்."

"அடடே, நம்ம டீச்சரோட அண்ணன்! கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்து மேரி டீச்சர்!" என்றார் ஓர் அம்மாள். குட்டையான உருவம், கணீர்க் குரல். சலேத்தம்மாள் என்று பெயர். "ஐயோ, டீச்சருக்கும் முடியலையா? முந்தாநாள்கூட பஸ்ஸுல பாத்தேனே. என்னா சார் அவங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது அம்மா. இரண்டு பேருக்கும் வேண்டச் சொன்னார் அவர்."

சொல்தா குரலைத் தாழ்த்தினார். "தெரியாதுங்கறாருன்னா, சொல்லவேணாம்னு சொல்லியிருக்காங்கன்னு அர்த்தம். சொல்லக்கூடாத வியாதி."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பத்திரிகையில் 'தெரியவில்லை' என்று முடிக்கும் செய்தியை யாரும் நம்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று பிற்பகல் கடற்கரைக்குப் போய்ப் படகுகளைப் பார்த்தேன். மனம் லேசாக இருந்தது. வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது மிக்கேலின் சைக்கிள் மணி கேட்டது.

"சார், மேரி டீச்சர் கையோட கூட்டியாரச் சொன்னாங்க. லீவு போட்டுட்டு உக்காந்திருக்காங்க. ரொம்பக் கோவமா இருக்காங்க."

"உடம்பு முடியாதவர் ஏன் கோபப்பட வேண்டும்?"

"அதத்தான் சார் அவங்களும் கேக்குறாங்க."

டீச்சரின் வீடு கோயிலுக்குப் பின்தெருவில். உள்ளே நுழைந்ததும் மேசைதான் கண்ணில் பட்டது. நீள ரொட்டிகள், சாத்துக்குடி, பார்லி, கண்ணாடிப் புட்டியில் கஷாயம். கூடத்துப் பாயில் ஏழெட்டுப் பெண்கள் ஜெபமாலையை அப்போதுதான் முடித்து முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் சலேத்தம்மாள். வாசலில் கூடையோடு மீன்காரச் செல்லம்மாள் நின்றாள்.

"டீச்சரம்மா, நானு வேற சாமி. உங்க மாலையெல்லாம் எனக்குத் தெரியாது. பால்சுறா கொண்டாந்திருக்கேன், புட்டு அவிச்சுச் சாப்புடுங்க, ஒடம்பு தேறும்."

"அடியே, அது புள்ள பெத்தவளுக்குக் குடுக்குறதுடி" என்றாள் பாயில் இருந்த ஒருத்தி.

"என்னா வியாதின்னு யாரும் சொல்லமாட்டேங்கறீங்க. நான் எதக்கண்டேன்?"

மேரி டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி. நோயின் அடையாளம் எதுவும் இல்லை. வகுப்பில் தாமதமாக நுழைந்த பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"வாங்க சார், உக்காருங்க. எனக்கு என்ன வியாதின்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. நீங்களாவது சொல்லுங்க. நேத்து மத்தியானத்துலேந்து வர்றாங்க. எங்க வீட்டுக்காரரு பதில் சொல்ல முடியாம வாய்க்கால் தண்ணி பாக்குறேன்னு நெடுங்காட்டுக்கு ஓடிட்டாரு."

"உங்கள் அண்ணன் சொல்லித்தான் சொன்னேன்" என்றேன். தொண்டைக் கட்டியைப் பற்றியும் அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் சொன்னேன். குரல் போய்விடலாம் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"அவனுக்குச் சரி. எனக்கு எதுக்கு?"

"மேரிக்கும் அந்தோணிக்கும் வேண்டச் சொன்னார்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "எனக்கும் சேத்தா சொன்னான்?" என்றார். குரலில் டீச்சர் இல்லை.

அப்போது மிக்கேல் குறுக்கிட்டார். "சார், கோவிச்சுக்காதீங்க. அவரு வாயால என்ன சொன்னாரோ அத அப்படியே சொல்லுங்க."

நினைவிலிருந்து அப்படியே சொன்னேன். "மேரி அந்தோணிக்கு. அப்படிச் சொன்னாத் தெரியும்."

மிக்கேல் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ சார்! மேரின்னா பொம்பளப் பேரு இல்ல சார். மேரின்னா முனிசிபாலிட்டி! பிரெஞ்சு வார்த்தை. நீங்க தங்கியிருக்கிற சந்துக்கு எதுத்தாப்புல தூணு வச்சு நிக்குதே, அதான் மேரி. இவங்க அப்பா அங்க பியூனா இருந்தாரு. அதனால அவரு மேரி அந்தோணி. ரொட்டிக்கடை அந்தோணி, சொல்தா அந்தோணி, மேரி அந்தோணி. ஒரே ஆளு!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. செல்லம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டே சிரித்தாள். "அப்போ முனிசிபாலிட்டிக்கா வேண்டுனீங்க? நல்லா வேண்டுங்க, எங்க தெருவுக்குக் கொழா வரட்டும்."

மாதா சிலையைத் தேடி நான் நின்ற இடம் எனக்கு நினைவுக்கு வந்தது. நானும் சிரித்திருப்பேன். ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை.

"அப்போ எனக்குன்னு அவன் சொல்லல."

"இல்லை."

"என்னப் பாக்கச் சொன்னானா?"

சிரிப்பு அடங்கிவிட்டது. ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த வேளை சுலபமாகக் கடந்திருக்கும். ஆனால் ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடக்கூடாது என்பது நான் தொழிலில் கற்றது. "பார்க்கவேண்டாம் என்றார். அம்மா சாவுக்குப் பிறகு பேச்சு இல்லை என்றார்."

டீச்சர் எழுந்து மேசையில் இருந்த ரொட்டிகளை அடுக்க ஆரம்பித்தார். "எல்லாரும் மன்னிச்சுக்குங்க. இதெல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு ஒரு வியாதியும் இல்ல."

யாரும் அசையவில்லை. சலேத்தம்மாள்தான் பேசினார். "அவன் சொல்லாட்டி என்ன? நாங்க சொல்லிட்டோம்ல. நேத்து பூசையில, ராத்திரி அவங்கவங்க வீட்டுல, இன்னிக்கு இந்தப் பாயில, உம் பேரச் சொல்லி வேண்டியாச்சு. ரொட்டியத் திருப்பி எடுத்துக்கிட்டுப் போலாம். வேண்டுனத எப்படி எடுத்துக்கிட்டுப் போறது?"

"வியாதி இல்லாதவளுக்கு எதுக்கு அக்கா வேண்டுதல்?"

"இத்தன வருசமா கூடப்பொறந்தவன் பேரக்கூடச் சொல்லாம இருக்கியே, அது என்ன, சொகமா?"

டீச்சர் அடுப்படிக்குள் போனார். பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டது. அழுகிறாரா, கோபமா என்று யாருக்கும் தெரியவில்லை. போகலாமா என்று மிக்கேலைப் பார்த்தேன். இருங்க என்று கையைக் காட்டினார். வெகுநேரம் கழித்து டீச்சர் ஒரு பெரிய தட்டில் எல்லாருக்கும் காப்பியோடு வந்தார். செல்லம்மாளுக்கும் ஒரு தம்ளர். கண் சிவந்திருந்தது. காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

"என்னைக்கு ஆப்பரேசன்?" என்று என்னிடம் கேட்டார்.

"புதன்கிழமை. காலையில் எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள்."

"அங்க எட்டுன்னா நமக்கு என்ன?"

"ஆறு."

"ஆறு மணிப் பூசை" என்றார் மிக்கேல் உடனே. "சாமியார்ட்ட சொல்லிடுறேன் டீச்சர்."

"சொல்லுங்க. ஆனா இந்தத் தடவ பேர நான் சொல்லுறேன். இவரு ஏறவேணாம்."

மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை டீச்சரும் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை இல்லை. ரொட்டிக்கடையில் சூடான நீள ரொட்டியை வாங்கி, பாயாவில் தொட்டுச் சாப்பிட்டேன். பினாங்கிலும் ரொட்டிதான், ஆனால் அது வெள்ளைக்காரன் விட்டுப்போன பஞ்சு ரொட்டி. இது கடித்தால் சத்தம் போடும் ரொட்டி. ஆண்டுவிட்டுப் போனவர்களை அவரவர் ரொட்டியை வைத்துத் தரம் பிரிப்பதானால் பிரெஞ்சுக்காரருக்கு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

மாலையில் டீச்சர் வரச் சொல்லியிருந்தார். கணவர் நெடுங்காட்டிலிருந்து திரும்பியிருந்தார். சாதுவான மனிதர். தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்னதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. டீச்சர் நெத்திலிக் கருவாட்டை நாலு தாளில் சுற்றி, அதன்மேல் துணி போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல எல்லா வீட்டுலயும் சாயங்காலம் ஜெபம் சொல்லி முடிக்கும்போது, வெளியில இருக்கிறவங்க பேரச் சொல்லி வேண்டுவோம் சார்" என்று தைத்துக்கொண்டே சொன்னார். "அம்மா மொதல்ல அந்தோணி பேரத்தான் சொல்லுவாங்க. அவன் கப்பலேறின நாள்லேந்து ஒருநாள் விட்டதில்ல. கடைசியில, வாய் கொழறும்போதும் அந்தப் பேரு மட்டும் தெளிவா வந்துச்சு. அவன் வரல. அடக்கம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு வந்து நின்னான். அன்னிக்குச் சாயங்காலம் ஜெபத்துல அவன் பேரு வர்ற எடத்துல நான் அடுத்த பேருக்குப் போயிட்டேன். மறந்துபோயி இல்ல. அவன் முன்னாடியே, வேணும்னுதான். அவன் எந்திரிச்சுப் போனான்."

ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அவனுக்குத் தெரியும், நான் சொல்லமாட்டேன்னு. அதான் உங்கள என்கிட்ட வரவேணாம்னான்."

அந்தோணி தங்கையிடம் போகவேண்டாம் என்றது கோபத்தால் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் பேரைச் சொல்ல ஊரில் இருந்த ஒரே வீடு அவரை விட்டுவிட்டது. மிச்சம் இருந்தது கோயில்தான். அதனால்தான் கோயிலில் சொல்லச் சொன்னார்.

ஒரு செய்தியை ஊருக்குச் சொல்வது என் தொழில். கேட்டவர்கள் இரண்டு நாள் பேசுவார்கள், பிறகு அந்தத் தாளில் பொட்டலம் கட்டுவார்கள். இங்கே ஒரு பெயரைச் சொன்னேன், தவறாகச் சொன்னேன், கேட்டவர்கள் ரொட்டியும் கஷாயமும் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஒருவருக்காக வேண்டியபின் அவரை அப்படியே விட்டுவிட முடிவதில்லை என்று தோன்றுகிறது. எங்கள் சபையின் நீண்ட ஜெபங்களில் நான் கவனிக்கத் தவறியது இதுதான். டீச்சர் அந்தப் பேரைச் சொல்லாமல் இருந்ததும் அதனால்தான். சொல்லியிருந்தால் கோபத்தை வைத்துக்கொள்ள இடம் இருந்திருக்காது.

புதன்கிழமை இருட்டு பிரியும்போது கோயிலுக்குப் போனேன். வேலைநாளின் முதல் பூசைக்கு வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்களாம். அன்று பாதிக் கோயில் நிறைந்திருந்தது. சொல்தா அதே வெள்ளைக் கால்சட்டையில். வெளிப்படியில் ஒரு மீன்கூடை; அதன் பக்கத்தில், உள்ளே வராமல், முந்தானையால் தலையை மூடிக்கொண்டு செல்லம்மாள்.

மன்றாட்டு வந்தது. டீச்சர் ஏறினார். வகுப்பில் பேசும் குரலில்தான் ஆரம்பித்தார்.

"மேரி அந்தோணிக்காக" என்றார். நிறுத்தினார். சாமியார் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தோம். "எங்க அண்ணனுக்காக" என்றார்.

பதில் வந்தது. நானும் சொன்னேன். கடலுக்கு அப்பால் அந்நேரம் அந்தோணியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க்கொண்டிருப்பார்கள்.

கும்பகோணம் பேருந்தை எல்லையில் நிறுத்திச் சோதனை போட்டார்கள். மதுவிலக்குப் போலீஸ்காரர் ஒருவர் என் பெட்டியை நெருங்கினார். உள்ளே தைத்த துணிப்பொட்டலம். இதற்குள் புட்டி இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தார். அப்புறம் வேறு எதையும் சோதிக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போங்க சார், போங்க" என்றார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பினாங்கிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. திரும்பும் கப்பலில் என் அறைத்தோழர் இரண்டாம் நாளே வேறு அறை கேட்டுப் போய்விட்டார். கருவாட்டின் தயவால் தனியறையில் வந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், மாடி வரை கேட்ட அந்தக் குரல் இருக்குமா என்றே யோசித்தேன். கூடவே வேண்டிக்கொண்டேன்; நீளமாக அல்ல, பெயரை மட்டும்.

இறங்கியதும் நேராக மருத்துவமனைக்குப் போனேன். அந்தோணி தலையணையில் சாய்ந்திருந்தார். கழுத்தில் கட்டு. கட்டியை முழுவதும் எடுத்தாகிவிட்டது, கெட்ட வகை இல்லை என்றார் தாதி. குரல் உண்டு. பழைய குரல் வருமா என்பது போகப்போகத் தெரியும். இப்போதைக்கு ஒரு நாளைக்குச் சில வார்த்தைகளுக்கு மேல் பேசக்கூடாது.

பொட்டலத்தை மடியில் வைத்தேன். அவரால் இன்னும் கஞ்சிதான் விழுங்க முடியும். ஆனால் மூக்கில் குறை இல்லையே. முகர்ந்தார். துணியில் ஓடியிருந்த தையலை விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு பேருக்கு வேண்டச் சொன்னது, மேசை நிறைய ரொட்டி, பால்சுறா, புதன்கிழமை ஆறு மணி, டீச்சர் நிறுத்தியது, பிறகு சொன்னது. சிரித்தால் தையல் வலிக்கும் என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். கடைசிப் பகுதியைச் சொன்னபோது சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாதி வந்து, இந்த நாற்றம் என்ன, இதை வெளியே வையுங்கள் என்றாள். அவர் பொட்டலத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

அவள் போனபின் என்னைக் கிட்டே வரச்சொல்லிச் சைகை காட்டினார். அன்றைய வார்த்தைகளை அவர் அதுவரை செலவழிக்கவில்லை. குரல் கரகரத்தது, ஆனால் காற்று அல்ல, குரல்தான்.

"நடுவுல நான் கமா சொன்னேனா?"

"சொல்லவில்லை. நானாகப் போட்டுவிட்டேன். தப்புத்தான்."

அந்தோணி பொட்டலத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இருக்கட்டும்" என்றார்.